புபுசாராவின் நான்கு நாள், புத்தகத்தில் ஒரு வரி

நீங்கள் செத்தால் உங்களை எங்கே புதைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றால் கொடுத்து வைத்தவர். ஒருகாலத்தில் ரஷ்யா ஆண்ட எங்கள் மலைநாட்டின் இசிக்-குல் ஏரிக்கரையில் புபுசாராவுக்கு அது தெரியாது.

வயது எழுபத்தொன்று. அதில் இருபத்தேழு ஆண்டுகள் எங்கள் ஊர்ச் சின்னச் சபையின் ஊழியக்காரி. படுக்கையில் கிடக்கும் கிழவிகளைக் குளிப்பாட்டுவாள், முழங்கால் அளவு பனியில் நடந்துபோய் ஜெபம் பண்ணுவாள், திரும்புமுன் அவர்கள் வீட்டு மாட்டையும் கறந்து வைப்பாள். ஊரே அவளை எஜே, அதாவது அக்கா, என்று கூப்பிடும். நோய் வந்தால் மட்டும்.

சென்ற ஆண்டு சபைப் போதகர் எர்மெக்குக்கு ஒரு யோசனை உதித்தது. மூத்த ஊழியர்களின் வாழ்க்கையைப் புத்தகமாகப் போட்டு, புதிதாக ஊழியத்துக்கு வருகிறவர்களுக்குப் பாடமாக்குவது. தட்டச்சு வேலை என்னிடம் வந்தது. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது, எழுத்துப்பிழையும் கிடையாது. இரண்டாவதுக்காக முதலாவதை மன்னித்தார்கள்.

எல்லா வாழ்க்கைக்கும் ஒரே அச்சு. முதலில் குடி, பிறகு அழைப்பு, நடுவில் கொஞ்சம் சோதனை, கடைசியில் ஜெயம். குடிக்காதவர்கள் பாடுதான் திண்டாட்டம். புபுசாரா சாராயத்தைத் தொட்டதே இல்லை. ஆகவே அவள் இளமையில் 'பெருமை என்னும் பாவத்தில் உழன்றாள்'. மாடு கறந்தவளுக்கு என்ன பெருமையோ!

அவள் சொன்னதில் ஒன்பது பக்கம், கணவன் ஜுமாஷின் சாவு. ஒரு ஜனவரியில் செத்தான். வழக்கப்படி முற்றத்தில் கம்பளிக் கூடாரம் அடித்து அவனைக் கிடத்தினாள். அழ ஒருவரும் வரவில்லை. ஊரின் முஸ்லிம் பெரியவர்கள் இடுகாட்டு வாசலை மறித்து நின்றார்கள்.

"ஏசு கூட்டத்துல சேந்தவனுக்கு இங்க ஒரு பிடி மண்ணு கெடையாது. ரஷ்யாக்காரன் இடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போ."

அங்கேயும் போனாள். "எங்க கோயில்ல ஞானஸ்நானம் வாங்கின சீட்டு இருக்காம்மா?" என்றார் அங்கிருந்த ரஷ்யத் திருச்சபைப் பாதிரியார்.

நூறு ஆண்டுகளாக எதிலும் ஒத்துப்போகாத இரண்டு மதங்கள், ஒரு பிணத்தைத் துரத்துவதில் ஒத்துப்போயின. நான்காம் நாள், செங்கல் சூளைக்குப் பின்னால் முள்காட்டில், இரண்டு பேர் துணையோடு அவளே குழி வெட்டிப் புதைத்தாள். அந்த நான்கு நாளும் எர்மெக் தலைநகரில் இருந்தார். 'பாடுகளில் பங்கெடுப்பது எப்படி' என்று கருத்தரங்கு.

ஒன்பது பக்கமும் புத்தகத்தில் ஒரு வரியாயிற்று: "சகோதரர் ஜுமாஷ் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." அதைத் தட்டச்சு செய்தவை என் விரல்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெளியீட்டு நாளில் இருபத்திரண்டு பயிற்சியாளர்கள் வந்தார்கள். தேநீரும் போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளும் சுற்றி வந்தன. எர்மெக் கேட்டார்: "நம்ம எஜே வாழ்க்கையிலிருந்து என்ன கத்துக்கிட்டீங்க?"

"பொறுமை," என்றாள் முன்வரிசைப் பெண் ஒருத்தி.

புபுசாரா எழுந்தாள். "பொறுமையா? யாரு சொன்னா? பொணம் கெட்டுடக் கூடாதுன்னு நாலு நாளும் பனிய அள்ளி அள்ளி வெச்சேன். பெரியவனுங்க ஒவ்வொருத்தன் வாசல்லயும் நின்னு தொண்ட கிழியக் கத்தினேன். இதுல பொறுமைய எங்கம்மா பாத்தே?"

"எஜே களைச்சிருக்காங்க," என்று சிரித்தார் எர்மெக்.

"களைக்கல தம்பி. அடுத்தது நான்தான். என்னைய எங்க போடுவே, அதச் சொல்லு."

ஒரு மனுவை எடுத்து நீட்டினாள். யாரைக் கும்பிட்டாய் என்று கேட்காத ஒரு பொது இடுகாடு வேண்டும் என்று ஊர் நிர்வாகத்துக்கு எழுதியது. பதிவான அமைப்பின் முத்திரை இல்லாமல் அங்கே வாங்க மாட்டார்கள். சபையின் முத்திரை எர்மெக்கின் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

"இப்ப வேணாம் எஜே. நம்ம பதிவையே ரத்து பண்ணிடுவாங்க. ஜெபம் பண்ணுவோம்."

"ஜெபத்த நான் பாத்துக்கறேன். நீ முத்திரைய எடு."

எடுக்கவில்லை. முன்வரிசைப் பெண் போய்க் கையெழுத்திட்டாள். அவள் பின்னால் பதினெட்டுப் பேர். மீதி மூவர் ஆழ்ந்த ஜெபத்தில் இருந்தார்கள். மனு போயிற்று, முத்திரை இல்லை என்று திரும்பி வந்தது. புபுசாராவுக்கு இப்போது நான்கு அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது. மனுவை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறாள்.

தமிழில் ஊழியர் சரித்திரம் படித்து உருகும் நண்பர்களே, உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் மதம் மறித்ததுபோல் அங்கே இன்ன சாதி இந்தப் பக்கம், இன்ன சாதி அந்தப் பக்கம் என்று நடுவே சுவர் நின்றால், அதை இடிக்கச் சொல்லி இந்த வாரமே மனு எழுதுங்கள். உங்கள் போதகரிடம் நேரில் கொண்டுபோய், முத்திரை விழும்வரை அவர் மேசைமுன் உட்காருங்கள்.