எடில்சனின் இரத்தக் குப்பி

இது கட்டுக்கதை என்று சொல்பவர்களோடு நான் சண்டை போடுவதில்லை. இடது உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன், அவ்வளவுதான்.

மெடெயின் நகரத்தில் ஓர் ஆய்வுக்கூடம். இரத்தத்தில் கரைந்திருக்கும் பொருட்களை எடைபோட்டு அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்தான் என் பிழைப்பு. அதிலும் இந்த அட்ரினலின் இருக்கிறதே, பயந்தால் உடம்பில் ஊறுவது, அதை அளப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரே இரத்தம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு காட்டும். அதைச் சரிசெய்ய நானும் கூட வேலை பார்க்கும் எடில்சனும் புது முறை ஒன்றைத் தயாரித்திருந்தோம். சோதனைக்கு அவன் இரத்தமே. இயந்திரத்தின் ஊசி ஒரே குப்பியில் பத்துத் தடவை இறங்கும். பத்துத் தடவையும் ஒரே எண் வரவேண்டும்.

ஞாயிறு மதியம். ஊரே கால்பந்து பார்க்கப் போயிருந்தது. முதல் மூன்று தடவை இம்மியும் பிசகவில்லை.

நான்காவதில் எண் இரண்டு மடங்கு.

"உன் ரத்தம் எதையோ பாத்து பயப்படுதுடா," என்றேன்.

"உன் மூஞ்சியப் பாத்திருக்கும். குழாயக் கழுவிட்டு மறுபடி ஓட்டு, யாமிலே. நான் போய் அரேப்பா ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன். பசில உயிர் போகுது."

மூன்று மாதக் கைக்குழந்தையின் அப்பன், விசிலடித்துக்கொண்டே படியிறங்கிப் போனான்.

குழாயைக் கழுவினேன். ஓட்டினேன். பத்து மடங்கு.

இது அழுக்கில்லை. குப்பிக்குள் இருப்பது செத்த திரவம். இரத்த அணுக்களை நீக்கி, மெத்தனால் ஊற்றி வடித்தது. அதில் பயம் ஊற வழியே இல்லை.

மணி 3.12. நான் எதையும் தொடவில்லை...

டக்.

ஊசி தானாக இறங்கியது. அதே குப்பியில்.

டக்... டக்...

ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் ஆறு நிமிட இடைவெளி வேண்டும். இது மூச்சுவிடக்கூட நேரம் தரவில்லை.

நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினேன். நிற்கவில்லை.

எடில்சனுக்குப் போன் அடித்தேன். மணி அடித்தது... எடுக்கவில்லை.

டக். டக். குப்பியின் மூடி கந்தலானது. கண்ணாடிக் கதவில் இரத்தம் தெறித்தது.

சிவப்பு இரத்தம்... அந்தத் திரவத்துக்கு நிறமே கிடையாது.

அது எடில்சன் உடம்பிலிருந்து இப்போது வழியும் இரத்தம். அவனை யாரோ கொல்கிறார்கள் என்று புரிந்துவிட்டது.

கதவைத் திறந்தேன். நீலக் கையுறையோடு கையை உள்ளே விட்டுக் குப்பியைப் பொத்தினேன்.

ஊசி உள்ளங்கையில் இறங்கியது.

அலறினேன். குப்பியை விடவில்லை.

நின்றது.

எடில்சன் பிழைத்துக்கொண்டான். அரேப்பாக் கடைச் சந்தில், போனைப் பிடுங்க வந்த ஒருவன் அவனைக் கத்தியால் குத்திக் குத்திக் கிழித்திருந்தான். பேச்சு வந்ததும் என்னைத்தான் கூப்பிட்டான்.

"கடைசிக் குத்து நேரா கழுத்துக்கு வந்துச்சு, யாமிலே. நடுவுல ஒரு கை வந்து கத்தியப் பிடிச்சுது. கை மட்டுந்தான். ஆளில்ல. நீலக் கையுறை போட்டிருந்துச்சு."

நான் கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

எங்கள் இயந்திரத்தின் ஊசி தையலூசியைவிட மெல்லியது. குத்தினால் ஒரு புள்ளிதான் விழும். ஆனால் அன்று எனக்கு ஆறு தையல் போட்ட டாக்டர், காயத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"யாரும்மா கத்தியால குத்துனது?"