வடக்கு மலைக் குரல்

இலத்தூர் ஷமீம் பானுவை ஐந்தருவியில் பழக்கடை போட்டிருக்கிற எல்லாருக்கும் தெரியும். தலையில் முக்காடு, கழுத்தில் பைனாகுலர், தோள்பையில் ஒரு சின்ன ஸ்பீக்கர். 'அணிலுக்குப் பாட்டுப் போடுத அக்கா' என்று பேர் வைத்திருந்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். புருஷன் ஊரில் இல்லாதவள் காட்டுக்குள் போகிறாளே என்று முகம் சுளித்த சொந்தக்காரர்களைவிட இவர்கள் எவ்வளவோ மேல்.

வேலை இதுதான். ஆராய்ச்சிக்காரி ஸ்ரீமதி, மலைத்தொடரை இரண்டாகப் பிரிக்கிற கணவாய்க்கு வடக்கே மலையணில்களின் குரலைப் பதிவுசெய்து அனுப்புவாள். பானு அதைத் தெற்கே, குற்றாலத்து மலையில், மரத்தடியில் உட்கார்ந்து ஒலிக்கவிட வேண்டும். இங்குள்ள அணில் பதில் கொடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மலையணில் மரத்து உச்சியிலேயே வாழ்ந்து சாகிற பிராணி. தரையில் கால் வைக்க அதற்குப் பயம். நடுவில் கணவாயும் வயலும் தண்டவாளமும் கிடந்தால் அந்தப் பக்கத்து உறவு அந்தப் பக்கத்தோடு சரி. அங்கே குரலில் ஒரு மாற்றம், இங்கே ரோமத்து நிறத்தில் ஒரு மாற்றம். தலைமுறை தலைமுறையாக அது சேர்ந்துகொண்டே போனால், ஒருநாள் இரண்டையும் ஒரே கிளையில் விட்டாலும் ஜோடி சேராது. அப்போது அது வேறு இனம், இது வேறு இனம். அதற்கு ஆயிரக்கணக்கான வருஷம் பிடிக்கும் என்று ஸ்ரீமதி சொல்லியிருந்தாள்.

மனுஷருக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம் என்று பானு நினைத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் உவைஸ் கல்யாணமான சூட்டோடு தம்மாமுக்கு விமானம் ஏறியவன். போன புதிதில் தினமும் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவான். வரவர அது குறைந்தது. மலையாளிகளோடு ஒரே அறையில் இருந்து பேச்சும் மாறிப்போனது. லீவுக்கு வரும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் வேறு ஆளாக வந்தான். அவளும்தான் மாறியிருந்தாள். துணைக்கு ஆள் தேடுகிறவளா இப்போது அவள்?

இந்தச் சாரல் சீசனுக்கு லீவில் வந்தவன், வந்த அன்றே கேட்டுவிட்டான். கம்பெனியில் மறுபடி ஒப்பந்தக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நீ இருக்கச் சொன்னால் இங்கேயே இருந்துவிடுகிறேன், என்ன சொல்கிறாய் என்று. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே வருஷக்கணக்காக ஏங்கினாள்! வார்த்தை வந்த பிறகு வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் போனவனையா, இப்போது வந்தவனையா, யாரை இருக்கச் சொல்வது என்று அவளுக்கே விளங்கவில்லை. அவன் சும்மா பேச்சுக் கொடுத்தாலும் பேசாமல் எழுந்து போனாள். இன்று காலையில்கூட, "ஃபுட் கழிச்சோ?" என்று சாப்பாட்டை மலையாளத்தில் கேட்டான். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டாள். அவன் பின்னாலேயே காட்டுக்கு வந்துவிட்டான்.

மரத்தடியில் இருவரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள். மேலே செம்பழுப்பு வால் ஒன்று தொங்கியது. பானு போனை எடுத்தாள். சாரல் ஈரத்தில் விரல் வழுக்கி வேறொன்றில் பட்டுவிட்டது. அணில் குரல்களோடு அவள் இன்னொரு குரலையும் சேர்த்து வைத்திருந்தாள். காட்டில் தனியே காத்திருக்கும்போது கேட்பதற்கு.

"ஏட்டி பானு, சாப்ட்டியா?"

ஸ்பீக்கர் அதட்டலாகக் கேட்டது. அதில் பாதி சிரிப்பும் இருந்தது. அணில் ஒரே தாவில் அடுத்த மரத்துக்குப் போய்விட்டது.

"சாப்ட்டேன் மச்சான்," என்றாள் பானு. யோசிக்கவே இல்லை. சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று உறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உவைஸ் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தான். அது தன் பழைய குரல்தான் என்று பிடிபட அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அவன் கேட்டா பதில் சொல்லுத. நான் கேட்டா சொல்ல மாட்டேங்க."

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. கண் கலங்கித்தான் அப்படிச் சொன்னான். இத்தனை வருஷமும் தான் மட்டும்தான் அந்தப் பழைய ஆளைத் தேடுவதாக பானு நினைத்திருந்தாளே!

"இன்னொரு மட்டம் போடு," என்றான். "எப்படிச் சொன்னேன்னு கேட்டுக்கிடுதேன்."

போட்டாள். அவன் கூடவே சொல்லிப் பார்த்தான். இழுவை பிசகியது, சிரிப்பு வரவில்லை. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு அவனே தனியாக ஒரு தடவை சொன்னான். அப்போதும் அந்தக் குரல் இல்லை.

"சாப்டலை," என்றாள் பானு. "நீங்க போவாதீங்க மச்சான்."