உச்சந்தலைக்குப் போகிற கை

சான்றிதழ் நாற்பது நிமிடத்தில் வந்துவிட்டது. அவ்வளவு வேகமாக வந்ததிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

ஏலக்காய்த் தோட்டத்து ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. காலையில் போடியிலிருந்து காய் பறிக்கப் போகும் பெண்களோடு ஜீப்பில் ஏறினால், மலை உச்சியில் உள்ள மெட்டைத் தாண்டித் தோட்டத்தில் இறங்குவேன். ஆபீசை ஒட்டிய தகரக் கொட்டகைதான் கிரீச். தாய்மார்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பதினொரு பிள்ளைகள், இரண்டு ஆயாக்கள். மூத்தவரை நான் அக்கா என்பேன். அவர் என்னைத் தாயி என்பார்.

மழைக்காலத்தில் ஒரு பிள்ளைக்கு அவித்த பலாக்கொட்டை தொண்டையில் சிக்கியது. முகம் கறுத்துவிட்டது; பிறகு பிள்ளை இருமியதில் கொட்டை தானாகவே வெளியே வந்து விழுந்தது. பிள்ளை அழுதுவிட்டு விளையாடப் போய்விட்டது. அக்காதான் வெகுநேரம் அந்தக் கொட்டையைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இன்னைக்குத் தானா வந்துருச்சு தாயி. வராமப் போயிருந்தா, சாயங்காலம் அவ ஆத்தா வந்து கையை நீட்டுறப்ப நான் எதைக் குடுப்பேன்?"

ஆஸ்பத்திரிக்குப் போக மெட்டு இறங்கிப் போடிக்கு வர வேண்டும். ஜீப்பு கிடைத்தாலும் ஒன்றரை மணி நேரம். அதுவரை பிள்ளைக்கு இந்த இரண்டு பேரின் கைகள்தான்.

"நான் பாத்துக்கிறேன்க்கா" என்றேன். எதையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் எனக்கு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆன்லைன் முதலுதவி வகுப்பு ஒன்றைப் பிடித்தேன். வீடியோவில் ஒருவர் பொம்மையின் நெஞ்சை அமுக்கினார். கடைசியில் பத்துக் கேள்விகள். நான் தமிழில் சொல்லச் சொல்ல ஆயாக்கள் இருவரும் பதில் சொன்னார்கள். ஒன்றுகூடத் தப்பில்லை. சான்றிதழைப் போடியில் லேமினேட் செய்து, கிரீச்சில் சாமி காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

மறுநாள் சும்மா சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு வயதுப் பிள்ளை அளவுக்குச் சாக்கைச் சுருட்டிக் கட்டி, அக்கா கையில் திணித்தேன்.

"பிள்ளைக்கு மூச்சு இல்லக்கா!"

அக்கா அதைத் தோளில் போட்டார். உச்சந்தலையில் படபடவென்று தட்டினார். உச்சியில் ஊதினார். பிறகு சேலைத் தொட்டிலில் கிடத்தி ஆட்டத் தொடங்கினார். இளைய ஆயா தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். நாலு ஆட்டு ஆட்டிய பிறகுதான் அக்காவின் கை நின்றது.

"எல்லாம் தெரியுது தாயி. கைதான் அது பாட்டுக்கு வேற சோலி பாக்குது."

புரையேறினால் உச்சியில் தட்டுவது எங்கள் எல்லோர் வீட்டிலும் உள்ளது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன்.

"அந்த வீடியோக்காரரு மொதல்ல ஆம்புலன்சுக்குப் போன் போடச் சொன்னாருல்ல?" என்றார் இளைய ஆயா. "போனுக்கு டவர் கெடைக்க நான் ரோட்டுல மூணாவது வளைவு வரைக்கும் நடக்கணும். அவரு வந்து பிள்ளையைப் பாத்துக்குவாராமா?"

சான்றிதழைக் கழற்றினேன்.

அன்று சாயங்காலம் அதே மூன்றாவது வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இரண்டு இடங்களுக்குப் பேசினேன். முதலாவது, ஆலைகளுக்கும் டிரைவர்களுக்கும் பயிற்சி தரும் கம்பெனி. முப்பது பேருக்கு ஒரே பொம்மை, அதுவும் பெரிய ஆள் பொம்மை. "பிள்ளைகளுக்கு?" என்றேன். "அதே முறைதான் மேடம், கொஞ்சம் மெதுவா அமுக்கணும், அவ்வளவுதான்." அப்போது எனக்கே ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கும் ஒரு சிஸ்டர். லீவு நாளில் வந்து சொல்லித் தருவார். நான் கேட்பதற்குள் அவர் கேட்டார்: பிள்ளைகளுக்கு என்ன வயது? எதில் தூங்குவார்கள்? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? ஒருநாள் வகுப்பு போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி செய்து பார்க்க வேண்டும் என்றார். பளபளப்பான சான்றிதழெல்லாம் கிடையாது.

மறுநாள் சிஸ்டரை வரவழைக்க மேனேஜரிடம் அனுமதி கேட்டேன். அவர் மலையாளி. "சர்ட்டிபிக்கேட் கிட்டியாச்சல்லோ. பின்னே எதுக்கு?"

சாக்குப் பிள்ளையை அவர் மேஜையில் வைத்தேன். "சார், இதுக்குத் தொண்டையில பலாக்கொட்டை சிக்கிருச்சு. வெரசா!"

இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர். சிரித்துக்கொண்டே தூக்கி, உச்சியில் தட்டினார். தட்டிய கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "சிஸ்டரை வரச் சொல்லு" என்றார்.

பிள்ளைகள் மதியம் தூங்கும் நேரத்தில், அதே கொட்டகையில் வகுப்பு நடந்தது. சிஸ்டர் தன் பொம்மையைச் சேலைத் தொட்டிலில் போட்டு, "அமுக்குங்கக்கா" என்றார். அமுக்கினால் தொட்டில் பள்ளமாகிக் கீழே போனது. பொம்மையின் நெஞ்சு அமுங்கவே இல்லை. பிறகு தரையில் கிடத்தினார்; அங்கேதான் நெஞ்சு அமுங்கியது. கைக்குழந்தைக்கு இரண்டு விரல், வளர்ந்த பிள்ளைக்கு உள்ளங்கையின் அடிப்பாகம். முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு. குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி ஊத வேண்டும். தனியாக இருந்தால் இரண்டு நிமிடம் இதைச் செய்துவிட்டுத்தான் ஆள் தேட வேண்டும். தொண்டையில் சிக்கினால் தலை தாழக் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தட்ட வேண்டும்.

"எலும்பு ஒடிஞ்சிருமே சிஸ்டர்?" என்றார் அக்கா.

"ஒடிஞ்சா வைத்தியம் இருக்குக்கா. நீங்க பயந்து நின்னாத்தான் வைத்தியம் இல்ல."

மூன்று மாதம் கழித்துச் சிஸ்டர் வந்தார்; வந்ததும் வராததுமாகப் பொம்மையை அக்கா மடியில் போட்டார். "சிக்கிருச்சு!" அக்காவின் கை உச்சந்தலைக்கு உயர்ந்தது. பாதியில் நின்றது. முதுகுக்கு இறங்கியது.

"அக்கா கை போற ஊருக்குப் போகாம நடுவழியில எறங்கி பஸ்சு மாறுது" என்று இளைய ஆயா சிரித்தார்.

"சிரிக்காதடி, ஒன் கை மாத்திரம் நேரா போச்சா? சிஸ்டர், அடுத்த தடவையும் வந்துருங்க. இந்தக் கையை நம்ப முடியாது."

அதற்கடுத்த வாரம் கிரீச்சுக்குள் போனபோது, தொட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த அரிசி டின்னையும் பொம்மைக் கூடையையும் காணோம். ஒரு பாய் விரிக்கிற அளவுக்குத் தரை சுத்தமாகத் துடைத்துக் கிடந்தது. கவனிக்காமல் என் பையை அங்கே வைத்தேன்.

"தாயி, பையை எடு" என்றார் அக்கா. "அது அவசரத்துக்குப் பிள்ளை கெடத்துற எடம்."