கன்னத்தில் பட்ட ஒரே அடி

முப்பது வருஷம் மேடையில் அடி வாங்கிப் பிழைத்தவர் குட்டை. அடித்தவர் நெட்டை. வேஷத்தில் நெட்டை முதலாளி, குட்டை வேலைக்காரன். ஒரு நாடகத்துக்கு ஏழெட்டு அறை விழும், ஒன்றும் கன்னத்தில் படாது. நான்கு விரற்கடை தள்ளி அந்தக் கை காற்றை அடிக்கும். அதே நொடியில் குட்டை இடுப்பருகே தன் கைகளைத் தட்டிச் சத்தம் கொடுப்பார். அடிப்பவன் கண்ணால் அளக்க வேண்டும், வாங்குபவன் அசையாமல் நிற்க வேண்டும். தொழில் அவ்வளவுதான்.

குட்டையின் தங்கையைக் கட்டிய அன்றைக்கே நெட்டை சொன்னார்: "இனிமே மச்சானை அடிக்க லைசென்ஸே கிடைச்சாச்சு!"

கடைசி ஆறு மாதம் மட்டும் நெட்டை மேடையில் சாக்பீஸால் ஒரு கோடு போட ஆரம்பித்தார். "கோட்டுல நில்லுடா மச்சான், போதும்."

"முப்பது வருஷமா கோடு இல்லாமத்தானே நின்னேன்? பெரிய வாத்தியாரு!" என்று குட்டை முணுமுணுத்துக்கொண்டே நிற்பார்.

ஒரு நாள் காலை, சுவரொட்டியில் யார் படம் பெரிது என்று இருவருக்கும் வாய்ச்சண்டை. அன்று மேடையில் முதல் அறையே கன்னத்தில் பட்டது. காது கொய்யென்றது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. குட்டை மீதி நாடகத்தை முடித்து, சாயத்தைக் கழுவி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். அடுத்த வருஷம் நெட்டை மாரடைப்பில் போனார். சாவு வீட்டில் தங்கை இவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை.

கல்லூரி நாடக மன்றம் ஒரு மணி நேரம் பேசக் கூப்பிட்டது. "பேசத் தெரிஞ்சா நான் ஏன்யா அடி வாங்கப் போறேன்?" என்று இப்படிப்பட்டவர்களை விரட்டிவிடுவது அவர் வழக்கம். இந்த முறை ஒப்புக்கொண்டார். அந்தக் கல்லூரி நூலகத்தில்தான் தங்கைக்கு வேலை. சட்டைக்கு இரண்டு தரம் இஸ்திரி போட்டார்.

பிள்ளைகள் நன்றாகவே சிரித்தார்கள். பாதியில் பின்வாசலில் தங்கை வந்து நின்றதை அவர் பார்த்தார்.

ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, ஒரு தடவைகூட நிஜமா பட்டதில்லையா?"

"பட்டிருந்தா மூஞ்சி இவ்வளவு அழகா இருக்குமா?" என்பது எப்போதும் கைவசமுள்ள பதில். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் தான் விலகிப்போன காரணத்தைத் தங்கை தெரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது.

"பட்டிருக்கு. ஒரே ஒரு தடவை. கோவத்துல வேணும்னே அடிச்சிட்டாரு. அன்னிக்கே கிளம்பிட்டேன்."

தங்கை திரும்பிப் போய்விட்டாள்.

கைதட்டல் முடிந்ததும் அவர் நூலகத்துக்கு ஓடினார். நீள மேசையில் அவள் புத்தக முதுகுகளுக்குப் பசை தடவி எண் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வேணும்னே அடிச்சாரா?" நிமிராமலே கேட்டாள். "அவருக்கு இடது கண்ணு போயி அப்போ ஆறு மாசம். ஒத்தக் கண்ணுக்குத் தூரம் பிடிபடலை."

அவர் மேசையருகே வந்தார். "எங்கிட்ட ஏம்மா சொல்லலை?"

"சொன்னா நீ ஜோடியை மாத்திடுவேன்னு பயந்தாரு. எப்படியோ தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீயும் கழட்டி விட்டுட்டேன்னு இத்தனை நாளா நினைச்சேன்."

"சத்தியமா தெரியாதும்மா."

"தினமும் சாயங்காலம் சமையல்கட்டுல என்னை நிக்கவெச்சுப் பழகுவாரு. எத்தனை அறை வாங்கியிருக்கேன் தெரியுமா? 'உங்கண்ணன் மேல படாம இருந்தா சரி'ம்பாரு. கடைசியில தரையில கோடு போட்டதும் சரியா வந்துச்சு. ஒருநாளும் தப்பலை." பசைத்தூரிகை நின்றது. முதன்முறையாக நிமிர்ந்தாள். "அன்னிக்கு மட்டும் எப்படிண்ணா தப்புச்சு? நீ கோட்டுலதானே நின்ன?"

சுவரொட்டிச் சண்டை. அந்த வீம்பு. இவன் என்ன எனக்குக் கோடு போடுவது என்று வேண்டுமென்றே எடுத்து வைத்த கால். ஆமாம் என்று சொல்லிவிடலாம், மறுத்துச் சொல்ல நெட்டை இல்லை.

"இல்லம்மா," என்றார். "முன்னாடி வந்து நின்னேன். அவன் சொன்னானேங்கிறதுக்காகவே."

கைகளைத் தொங்கவிட்டு, முப்பது வருஷம் நின்ற மாதிரியே அசையாமல் நின்றார்.

அவள் கையை ஓங்கவில்லை.

"எவ்வளவு?"

"அரையடி."

"அரையடி," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, அடுத்த சீட்டை எடுத்து ஒட்டினாள். ஒட்டிய பிறகும் விரலை எடுக்காமல் அதையே வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.