எல்லாரும் சாமி

மண்டூரிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்த பதினைந்து நாளும் என் பெயர் சாமி. பாதயாத்திரை போகிறவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சாமிதான். "சாமி, தேத்தண்ணி குடிச்சிற்றுப் போங்க" என்று முன்பின் தெரியாதவர்கள் வழியில் கோப்பையை நீட்டினார்கள். வீடு திரும்பி நான் சொன்ன கதையைக் கேட்ட என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார்.

பதினைந்து நாள் நடந்த தூரத்தை பஸ் ஒரே பகலில் சுருட்டி என்னைக் குசினிக்குள் கொண்டுவந்து விட்டது. வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை. செருப்பு எதற்கு? அடுப்பிலிருந்து பைப்புக்கு ஆறடிதான். வீடு வந்த நான்காம் நாள் அரிசி களைந்துகொண்டு நிற்கையில், என் கால்கள் நின்ற இடத்திலேயே மாறிமாறி மிதித்துக்கொண்டிருந்தன.

முன்னறைக் கதிரையில் சாய்ந்திருந்த கணவர் கூப்பிட்டார்.

"சாமி, தேத்தண்ணி ஊத்தலையா?"