மீட்டர் கண்ணடிக்கிறது

பழைய ரீஃபிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொள்கிறார். குழாயின் அடியில் கடுகளவு நீலம் தெரிகிறது. "இது இன்னும் ரெண்டு நாள் எழுதும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எழுதவில்லையே சார் என்றால், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து உருட்டிச் சூடேற்றி, தன் கையிலேயே ஒரு கோடு கிழித்துக் காட்டுவார். கோடு விழுந்துவிடும். நமக்கு மக்கர் பண்ணும் ரீஃபில் அவர் கைக்குப் போனதும் எப்படி எழுதுகிறது என்பது எங்கள் அலுவலகத்தில் இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

காகிதம், கோப்பு அட்டை, குண்டூசி, கை கழுவும் சோப்பு எல்லாம் இருக்கும் ஸ்டோர் அறை அவர் பொறுப்பு. காலி ரீஃபிலைக் கொடுத்தால்தான் புது ரீஃபில் என்ற சட்டத்தை மேலதிகாரி யாரும் போடவில்லை. அவரே போட்டார், அவரே அமல்படுத்துகிறார். அதனால் முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் ரீஃபில். அது அவருக்கும் தெரியும். "பேர் வைக்கக் காசா பணமா, வச்சுட்டுப் போங்க" என்பார்.

இவ்வளவு இறுக்கிப் பிடிப்பவர் சும்மாவா பிடிப்பார், மிச்சமெல்லாம் எங்கே போகிறது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. காலையில் அவர் கொண்டுவரும் துணிப்பை புடைத்திருக்கும். மதியம் அதை ஸ்டோருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போவார். நானும் சந்தேகப்பட்டவள்தான். ஒருநாள் பையின் காது அறுந்து, உள்ளே இருந்ததெல்லாம் வராந்தாவில் சிதறியது. டப்பாவில் பாதி தேய்ந்த சோப்பு, ஒரு டம்ளர், ஒரு கைத்துண்டு, ரப்பர் பேண்டு போட்ட இரண்டு பேனா, ஒரு சின்னக் கத்தரிக்கோல். எல்லாம் வீட்டிலிருந்து வந்தவை. ஆபீஸ் சோப்பைக் கையால் தொடுவதில்லை. "நாளைக்கு ஒருத்தன் என்னைப் பாத்து நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசிடக் கூடாது பாருங்க" என்றார், குனிந்து பொறுக்கியபடி. அவர் யாரையும் நம்புவதில்லை. ஆகவே தன்னையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். அன்றைக்கு வெட்கத்தில் நான் டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். அதில் கீறல் விழுந்திருக்கிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

ஒரே கட்டடத்தில் குடியிருப்பதால் அவரை இரண்டு இடத்திலும் பார்க்கும் பாக்கியம் எனக்கு. தரைத்தளத்தில் அவரும் மனைவியும். முதல் மாடியில் தையல்கார அக்கா. இரண்டாவது மாடியில் கட்டடத்தின் வீட்டுக்காரர் தன் சாமான்களைப் போட்டுப் பூட்டியிருக்கிறார். மூன்றாவதில் நான், என் கணவர், மாமியார். அலுவலகத்தில் என்னை மேடம் என்று கூப்பிடுபவர் கட்டட வாசலுக்குள் நுழைந்ததும், "என்ன மூணாவது மாடி, பைப்பு சொட்டுதா?" என்பார். கேட்கும்போதே காதைச் சாய்த்துக் குழாய்ச் சத்தத்தைக் கவனிப்பார்.

அவர் வீட்டில் பற்பசைக் குழாயைக் கத்தரித்துப் பிளந்து, உட்புறத்தைப் பிரஷ்ஷால் வழித்து நான்கு நாள் ஓட்டுவார்கள். சோப்புத் துணுக்குகளை ஈரத்தோடு ஒட்டி, மூன்று நிறத்தில் ஒரு சோப்புச் செய்வார். துணி அலசிய தண்ணீர் தரை துடைக்க, தரை துடைத்த தண்ணீர் வாசல் தெளிக்க. குளிர்பதனப் பெட்டியைத் திறக்குமுன் என்னென்ன எடுக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும்; திறந்து வைத்துக்கொண்டு யோசிப்பது அந்த வீட்டில் குற்றம். "கல்யாணமான புதுசுல நான் கண்ணாடி பாத்தாக்கூட, ரசம் தேஞ்சிடும்னு பயந்தவர்மா இவர்" என்பார் அவர் மனைவி. அதில் அலுப்பும் இருக்கும், கொஞ்சம் பெருமையும் இருக்கும்.

அவர் தாராளமாகச் செலவழிக்கும் பொருள் ஒன்றே ஒன்றுதான்: படிக்கட்டு வெளிச்சம். எங்கள் படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது. இரவும் பகலும் நான்கு குண்டு பல்புகள் எரிந்துகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் போட்ட விளக்கு, வீட்டுக்காரர் கரண்ட். சாயங்காலம் வீடு திரும்பியதும் தன் கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, ஸ்டூலைத் தூக்கிவந்து முதல் படியருகே போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். பேப்பரும் எங்கள் வீட்டுடையது, முந்தின நாளுடையது. "சேதி என்ன, ஒரே நாள்ல ஊசிப்போயிடுமா?" என்று கேட்டு வாங்கியது. எரியுற விளக்குத்தானே, நான் படிச்சா தேஞ்சா போகும் என்பது அவர் நியாயம்.

மின்சார அலுவலகத்து ஆட்கள் வந்து பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டுப் புது மீட்டர் மாட்டிப்போன மாதம் தொல்லை தொடங்கியது. பழையதில் சக்கரம் சோம்பேறித்தனமாகச் சுற்றும். புதியதில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. கரண்ட் ஓட ஓட மினுக்கும். இவர் அதை ஒரு வாரம் கூர்ந்து பார்த்தார். ஒரு விடுமுறை நாள் காலையில் வீட்டிலிருந்த எல்லா சுவிட்சையும் அணைத்தார். மினுக்கியது. மெயினையே இறக்கினார். அப்போதும் மினுக்கியது.

"எல்லாத்தையும் அணைச்சாச்சு. அப்பவும் என்னைப் பாத்துக் கண்ணடிக்குது" என்று கத்தினார்.

"இந்த வயசுல உங்களப் பாத்துக் கண்ணடிக்க அது ஒண்ணாவது இருக்கே, சந்தோஷப்படுங்க" என்றார் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. யாரோ தன் வீட்டுக் கரண்டை உறிஞ்சுகிறார்கள். முதல் சந்தேகம் என் மேல். மூன்றாவது மாடிக்கு மூச்சிரைக்க ஏறிவந்து, "ஒரு அஞ்சு நிமிஷம் உங்க மெயினை இறக்குங்க" என்றார். என் மாமியார் பார்த்துக்கொண்டிருந்த தொடர் பாதியில் நின்றது. கீழே மீட்டர் நிற்கவில்லை. நான் நிரபராதி ஆனேன். மாமியார் மட்டும் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு மீட்டர்ப் பெட்டியின் பின்னாலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரைப் பொத்துக்கொண்டு மேலே போவதைக் கண்டுபிடித்தார். நேர் மேலே முதல் மாடி. அங்கே மூன்று தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி. இதற்குமேல் சாட்சி எதற்கு?

தையல்கார அக்கா தனி ஆள். கணவர் பிரிந்து போனபின், மெஷின் ஓட்டியே தங்கையைப் படிக்க வைத்தவர். வாடகை ஒருநாள் தாமதித்ததில்லை. இரண்டு வாடிக்கைக்காரர்கள் அளவு கொடுக்க வந்து நின்ற நேரமாகப் பார்த்து, இவர் படிக்கட்டில் நின்று சத்தம் போட்டார்.

"மேல மூணு மெஷின் ஓடுது, கீழ என் மீட்டர் ஓடுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

அக்கா கத்தரிக்கோலோடு வெளியே வந்தார். "என்ன சார் சொல்றீங்க? எனக்குத் தனி மீட்டர் இருக்கு. மாசாமாசம் நான் பணம் கட்டறேன்."

"கட்டறீங்க. எவ்வளவு கட்டறீங்கன்னுதான் கேள்வி."

வந்திருந்தவர்களில் ஒருத்தி மெதுவாகத் தன் துணியைத் திரும்ப மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அக்கா அதைப் பார்த்தார். இவரும் பார்த்தார். அன்று மாலையே வீட்டுக்காரருக்குத் தகவல் போயிற்று. கூடுதல் வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த மனிதருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. மாதக் கடைசிக்குள் காலி பண்ணிவிடுங்கள் என்று அக்காவுக்குச் சொல்லிவிட்டார்.

கட்டடம் முழுக்க ஒரு மாதிரியாகிவிட்டது. எதிரே யார் வந்தாலும் பேச்சை நிறுத்தினோம். என் மாமியார் குளியலறை விளக்கை அணைத்தோமா என்று மூன்று தடவை கேட்டார். யாரும் அக்காவிடம் துணி கொடுக்கவில்லை, நானும் உட்பட. அவர் எடுத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எடுத்திருந்தால் என்ற ஒரு சொல்லும் கூடவே ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிறு காலை அக்காவே தன் செலவில் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து நிறுத்தினார். "எல்லாரும் வாங்க. கண்ணால பாத்துட்டு அப்புறம் பேசுங்க" என்றார். நாங்கள் படிக்கு ஒருவராக நின்றோம். ரீஃபில் மட்டும் எலக்ட்ரீஷியனுக்குத் தோளோடு தோளாக நின்று, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆளையும் அக்கா விலைக்கு வாங்கியிருக்கலாம் அல்லவா?

எலக்ட்ரீஷியன் கறுப்பு ஒயரை விரலால் சுண்டினார். "இது மெயினுக்கு முன்னாடியே எடுத்திருக்காங்க சார். அதான் மெயினை இறக்கினாலும் ஓடுது. கழட்டறேன், பாருங்க."

கழற்றினார். படிக்கட்டு இருண்டது. தரையிலிருந்து மூன்றாம் மாடி வரை நான்கு பல்பும் ஒரே நொடியில் போயின. மேலே அக்காவின் வீட்டுக்குள்ளிருந்து மட்டும் மின்விசிறிச் சத்தம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது.

அந்த இருட்டில் ரீஃபிலின் மனைவி குரல் கேட்டது. "பதினோரு வருஷமா ஓசி வெளிச்சம்னு உக்காந்து பேப்பர் படிச்சீங்களே..."

யாரோ சிரிக்கப்போய் இருமலாக மாற்றிக்கொண்டார்கள். எலக்ட்ரீஷியன் ஒயரைத் திரும்பச் சொருகினார். வெளிச்சம் வந்தபோது ரீஃபில் சுவரைப் பார்த்து நின்றிருந்தார். அக்கா எலக்ட்ரீஷியனுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கட்டடம் கட்டியவர்கள் வசதிக்காக எடுத்த இணைப்பு. வீட்டுக்காரர் தெரிந்தே விட்டிருந்தாரா, தெரியாமலா என்பது அவருக்கே வெளிச்சம். நான்கு பல்பு, இரவும் பகலும், பதினோரு வருடம். ரீஃபில் சும்மா விடமாட்டார், வட்டியோடு கறந்துவிடுவார் என்று அலுவலகத்தில் எல்லோரும் அடித்துச் சொன்னோம்.

இரண்டு நாள் கழித்துக் கோப்பு அட்டை வாங்க ஸ்டோருக்குப் போனேன். அலமாரிகளுக்குப் பின்னால் அவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். மணியடித்துக் கட் பண்ணி, எதிராளி கூப்பிடட்டும் என்று காத்திருப்பவர் அவர். அன்று தன் காசில் பேசிக்கொண்டிருந்தார்.

"நான்தான் சொன்னேன், இல்லைன்னு சொல்லல. தப்பாச் சொன்னேன்... அது எப்படி சார், வேற ஆள் பாத்தாச்சுன்னா? ... அப்போ பதினோரு வருஷம் உங்க விளக்கு என் மீட்டர்ல ஓடினதை மின்சார ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துடட்டுமா?"

எதிர்முனையில் வீட்டுக்காரர் ஏதோ நீளமாகப் பேசினார்.

"அந்தம்மா இருக்கட்டும். இருந்தா நான் ஒண்ணும் கேக்கல. ஒத்தப் பைசா கேக்கல... எழுதித் தரணுமா? தரேன். ஆள் அனுப்புங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்."

நான் பின்வாங்குவதற்குள் திரும்பிவிட்டார். "கேட்டுட்டு இருந்தீங்களா மேடம்?"

"இல்ல சார்."

அவர் நம்பவில்லை. "விஷயம் வெளிய போகக் கூடாது" என்றார். போகவிடவில்லை, இதுவரை. இப்போது எழுதுகிறேன் என்றால், பத்திரிகையை அவர் காசு கொடுத்து வாங்கமாட்டார் என்ற தைரியம்தான். உண்மையைச் சொன்னால், காதால் கேட்ட பிறகும் எனக்கு அது முழுதாக நம்பிக்கைப்படவில்லை. இதற்குள்ளேயும் ஏதோ ஒரு மிச்சம் பிடித்திருப்பார் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

அக்காவுக்குக் காலி பண்ண வேண்டாம் என்று தகவல் வந்தது. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் ஆள் வந்து படிக்கட்டு விளக்கை வேறு மீட்டருக்கு மாற்றிவிட்டுப் போனான். அக்கா நிம்மதியடையவில்லை. "திடீர்னு இருந்துக்கன்னா, இதுல என்ன உள்குத்துன்னு தெரியலயே" என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

போன வாரம் தலையணை உறை தைக்கக் கொடுப்பதற்காக அக்காவிடம் போயிருந்தேன். என் மனசாட்சிக்கு அவ்வளவுதான் முடிந்தது. கதவு தட்டும் சத்தத்துக்குப் பதில் ஒரு இருமல் கேட்டது. ரீஃபில் வாசலில் நின்றார். கையில் மடிப்புக் கலையாத சட்டைத்துணி. அவர் மனைவியின் தம்பி என்றைக்கோ கொடுத்து பீரோவிலேயே கிடந்தது என்று பின்னால் தெரிந்தது.

"ஒரு சட்டை தைக்கணும்."

அக்கா மெஷினை நிறுத்தினார். "பஜார்ல எத்தனையோ டெய்லர் இருக்காங்களே."

"இருக்காங்க."

"என் கூலி கூடுதல்."

"இருக்கட்டும்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தலையணை உறையைப் பார்த்தேன். இந்த ஆள் பேரம் பேசாமல் நிற்கிறாரே, எந்தப் பக்கம் குழி வெட்டுகிறார் என்ற கேள்வி அக்காவின் நெற்றியில் எழுதி ஒட்டியிருந்தது. துணியை வாங்கி உதறி மேசையில் விரித்தார். நாடாவை எடுத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை, சாட்சிக்கு என்னையும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டு அளந்தார்.

"ரெண்டேகால் மீட்டர். நல்லாப் பாத்துக்கங்க சார். நாளைக்குத் துணி குறையுதுன்னு படிக்கட்டுல நின்னு கத்தக் கூடாது." நாடாவின் நுனியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு எறும்பும் எழுத்தும் ஒன்றுதான். நீட்டிய நாடாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அளவெடுக்கத் தோதாக இரண்டு கைகளையும் விரித்து நின்றார்.