யாருடைய ஆள்

நான் சைவ பக்தி இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள். சாந்தோம் தேவாலயப் பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். இந்த இரண்டையும் தனித்தனியே சொன்னால் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. அடுத்தடுத்துச் சொன்னால்தான் எதிரே இருப்பவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இதில் புரட்சி எதுவும் கிடையாது. பள்ளியில் படிக்கும்போது தோழிகளோடு மயிலாப்பூர் பங்குனித் திருவிழாவுக்குப் போவேன். அவர்கள் வளையல் கடையில் நிற்பார்கள். நான் சப்பரத்துக்குப் பின்னால் பாடிக்கொண்டு வருகிறவர்களின் குரலைக் கேட்டுக்கொண்டே மாட வீதிகளைச் சுற்றி வந்துவிடுவேன். பாட்டுக்கு அர்த்தம் கேட்டு அப்பாவிடம் போய் நிற்பேன். அப்பா தமிழாசிரியர். கடவுள் இல்லை என்பவர். ஆனாலும் பாட்டை அப்படிச் சொல்லித்தருவார். "சாமியை விட்டுடு, சந்தத்தைப் பாரு" என்பார். நான் இரண்டையும் விடாமல் வளர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அம்மாவை மாதா கோயில் வாசல்வரை கொண்டுவிட்டு, எதிர்ப்பக்க டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பூசை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருவார். அந்த டீக்கடைதான் அவருடைய தலைமையாசிரியர் பதவியைச் சாப்பிட்டது என்பது அம்மாவின் கட்சி. அப்பா வேலை பார்த்தது பாதிரியார்கள் நடத்தும் பள்ளியில். மூப்பின்படி அடுத்தது அவர்தான். பதவி அவருக்குப் பின்னால் சேர்ந்த, பூசையில் வாசகம் வாசிக்கிற ஒருவருக்குப் போனது. அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அம்மாதான், "வாரத்துக்கு ஒரு மணி நேரம் உள்ள வந்து ஃபேன் காத்துல உக்காந்திருந்தா போதும். கேட்டாரா?" என்று இன்றைக்கும் சொல்லுவார்.

படிப்பு முடிந்து நான் வேலை தேடத் தொடங்கியதும் முதலில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனேன். முதல்வர் ஒரு ஃபாதர். பங்குக் குருவின் சான்றிதழைப் பார்த்து முகம் மலர்ந்தார். "நம்ம பிள்ளை! ரொம்ப சந்தோஷம். என்ன தலைப்புல ஆராய்ச்சி பண்ணீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "ஓ" என்றார். பிறகு, அந்த ஆண்டு மழை சரியாகப் பெய்யாததைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது ஒரு சைவ அறக்கட்டளை நடத்தும் கல்லூரி. நான் பேசப் பேச அங்கிருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். நடுவில் ஒரு பாட்டைப் பாடிக்காட்டச் சொன்னார். பாடினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு விண்ணப்பத்தை எடுத்துப் பெயரைப் படித்தவர், இரண்டாவது முறையும் படித்தார். "ரொம்ப அருமைம்மா. பேர்தான்..." என்றார். ஏதோ பெயரில் எழுத்துப் பிழை வந்துவிட்டதுபோல் அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பிறகு கொஞ்ச காலம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தேன். அதில் கௌரவம்தான் அதிகம். அங்கே இருந்தபோதுதான் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் தமிழ்த்துறைக்கு உதவிப் பேராசிரியர் விளம்பரம் வந்தது. ஒரே ஓர் இடம். பக்தி இலக்கியத்தில் பயிற்சி உள்ளவர் வேண்டும் என்று போட்டிருந்தார்கள்.

எங்கள் ஆசிரியர் அறையில் அன்றைக்கு யாரும் பாடம் எடுக்கப் போகவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் அப்போது துணைவேந்தர் நாற்காலி காலி. அதில் யாரை உட்காரவைப்பது என்று அரசாங்கம் ஒரு பக்கமும் வேந்தர் ஒரு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குழுதான் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே இந்த ஓர் இடத்துக்கும் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவரை வைத்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டார்கள். பக்கத்து மேசைத் தோழி என்னிடம் கேட்டாள்.

"உனக்கு ஆள் யாரு?"

"யாரும் இல்ல."

"சும்மா சொல்லாத. எங்க எல்லாருக்கும் தெரியணும்னு இல்ல, எனக்கு மட்டும் சொல்லு."

நான் உண்மையைச் சொன்னதற்காக அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வீட்டில் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை. "தகுதி இருந்தா கிடைக்கும்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அம்மா, "நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு வேண்டிக்கிறேன்" என்றார். இருவரும் இவ்வளவு சுருக்கமாக முடித்துக்கொண்டபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சில நாள் கழித்து அப்பா தி. நகருக்குப் போய்விட்டு வந்தார். மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட சாலைகளைச் சுற்றிக்கொண்டு வந்ததில் களைத்துப் போயிருந்தார். சட்டையைக் கழற்றும்போது பார்த்தேன். வலது புருவத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விபூதி. நெற்றியைத் துடைத்தவர் புருவத்தை மறந்துவிட்டார். வயதாகும்போது சிலருக்கு அப்படி ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால், மாறுவதுதான் மாறினார், நம்ம பக்கம் வந்திருக்கக் கூடாதா என்று அழுவாரே என்றுதான் கவலைப்பட்டேன்.

அதே வாரம் எங்கள் வார்டு கவுன்சிலரின் வாட்ஸாப் ஸ்டேட்டஸில் ஒரு படம் வந்தது. கண் பரிசோதனை முகாம். முன்வரிசையில் கட்சிக்கரை போட்ட சால்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு அம்மா நின்றிருந்தார். அரசியல்வாதி வருகிறார் என்றால் ஜன்னலைச் சாத்துகிற அம்மா. கேட்டதற்கு, "கண்ணு மங்கலா இருந்துச்சு, போனேன். சால்வை எல்லாருக்கும்தான் போட்டாங்க" என்றார். படத்தில் வேறு யாருக்கும் சால்வை இல்லை.

நேர்முகத் தேர்வு நாள் வந்தது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர். நான் உட்கார்ந்ததும் நெற்றியில் சந்தனம் வைத்திருந்தவர், "சிவன்கிட்ட உங்களுக்கு நம்பிக்கை உண்டாம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "அப்படிக் கேக்கக் கூடாது சார், இது பல்கலைக்கழகம்" என்றார். "நான் பாடத்துக்காகக் கேட்டேன்." "பாடத்துக்கு எதுக்கு நம்பிக்கை?" இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் எனக்கு வைத்த தண்ணீரைக் குடித்து முடித்தேன். ஓரத்தில் வெளியூரிலிருந்து வந்திருந்த பாட வல்லுநர் மட்டும், அவர்கள் மூச்சு வாங்கிய இடைவெளியில் ஒரு கேள்வி கேட்டார்.

"பதிகத்துல கடைசிப் பாட்டுல கவிஞர் தன் பேரையும் ஊரையும் சொல்லிக்கிறாரே, அது ஏன்?"

நான்கு வருடமாக அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான். பாட்டு வாய்வழியாக ஊர் ஊராகப் போகும்போது அது இன்னாருடையது என்ற முத்திரை வேண்டியிருக்கிறது என்று தொடங்கி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பேசினேன். இரண்டு பாட்டு பாடியும் காட்டினேன். வெளியே வந்து மர நிழலில் நின்றபோது, வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றியது. ஷேர் ஆட்டோ அடையாறு பாலம் தாண்டுவதற்குள் அந்தப் பெருந்தன்மை போய்விட்டது.

வேலை கிடைத்தது. நியமன ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு அம்மா அழுதார். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, திருத்தும் விடைத்தாளைப்போல அதை இரண்டு முறை படித்தார். தகுதிக்குக் கிடைத்தது என்று நான் சொல்ல, இருவரும் ஒரே நேரத்தில் "ஆமா ஆமா" என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபின் பிரியாணி தயாராகிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் நின்றது. தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருக்கிற அண்ணாச்சி இறங்கினார். அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் அப்பா வீட்டுக்குப் போய்த் தமிழ் சொல்லித்தந்தார். ஏதோ கோயில் கமிட்டியிலும் அவர் பெரிய பொறுப்பில் இருக்கிறார். கையில் ஒரு பட்டுப்புடவைப் பெட்டி, மேலே பிரசாதப் பொட்டலம்.

"என்ன சார், நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னேன்லா? அன்னைக்கே கமிட்டித் தலைவர்கிட்டச் சொல்லிட்டேன். அவரு வேந்தர் ஆபீஸ் பக்கம் நல்ல பழக்கம். நெத்தி நிறைய விபூதி பூசி அனுப்பினேன்லா சாரை, வீணாப் போவுமா?"

அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டார். அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்கத் தொடங்கினார்.

"விபூதியா?" என்றார் அம்மா. "உங்களுக்கா?"

அப்பா பதில் சொல்வதற்குள் வெளியே ஒரு ஸ்கூட்டர் சத்தம். கவுன்சிலர் அம்மா, பின்னால் சால்வையோடு ஒரு தம்பி.

"இன்னா வாத்தியார் வீட்டம்மா, பிரியாணி வாசம் தெருக்கோடி வரைக்கும் வருது! பொண்ணு எங்க? வட்டத்துல சொல்லி, மாவட்டத்துல சொல்லி, மேல வரைக்கும் நான் போய்க்கினே இருந்தேன். உங்க மூஞ்சிக்காவ பண்ணேன். முகாமுக்கு வந்து மைக்குல அப்டி பேசினீங்களே, மறக்க முடியுமா?"

இப்போது அப்பா காலண்டரிலிருந்து திரும்பினார்.

"மைக்குல பேசினியா?"

"நாலு வார்த்தை" என்றார் அம்மா. "வாழ்த்துன்னு சொன்னேன். அவ்ளோதான்."

"யாரை வாழ்த்தின?"

"கண்ணு டாக்டரை."

எனக்குச் சால்வை போட்டார்கள். புடவைப் பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். அண்ணாச்சியும் கவுன்சிலரும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் உற்றுப் பார்த்தார்கள். யாரால் நடந்தது என்ற பேச்சு இனிமேல் வரும் என்று நான் பயந்தேன். வரவில்லை. லஸ் பக்கம் அண்ணாச்சி வீட்டு வாசலில் கழிவுநீர் தேங்குகிறது என்ற பேச்சு வந்தது. கவுன்சிலர் யாருக்கோ போன் போட்டார். அண்ணாச்சி சைவம் என்பதால் தயிர்ச்சாதம் சாப்பிட்டார். போகும்போது இருவரும் "நம்ம பொண்ணு" என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனபிறகு நான் கத்தினேன். எத்தனை வருடம் படித்தேன், எதற்கு இப்படி ஆளாளுக்குப் போய் நின்றீர்கள் என்று. அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா மேசையில் சிந்தியிருந்த தயிரைத் துடைத்தார்.

"எனக்கு வரவேண்டிய பதவிக்காக நான் அன்னைக்கு யாரையும் போய்ப் பாக்கல. அது சரின்னுதான் இப்பவும் நினைக்கிறேன்" என்றார். "ஆனா அந்த ஹெட்மாஸ்டர் நாற்காலியைத் தாண்டி தினம் வகுப்புக்குப் போகணும் பாரு. பதினாலு வருஷம் போனேன். உனக்கு அது வேணாம்னு தோணிச்சு."

அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். நான் எழுந்து போய் அம்மாவோடு பாத்திரம் துலக்கினேன்.

ஆனாலும் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் நின்று பாடம் நடத்தும்போது, இந்த இடம் என் பாட்டுக்குக் கிடைத்ததா, அப்பாவின் புருவத்துக்குக் கிடைத்ததா, அம்மாவின் மைக்குக்குக் கிடைத்ததா என்று நினைப்பு ஓடும்.

சில மாதம் கழித்து அடையாறில் ஒரு கருத்தரங்கு. அந்தப் பாட வல்லுநர் வந்திருந்தார். இடைவேளையில் எதிரே இருந்த ஓட்டலில் காபி வாங்கிக் கொடுத்து நேராகவே கேட்டேன். அவர் முதலில் டம்ளரைப் பார்த்துச் சிரித்தார்.

"அன்னைக்கு உங்க முன்னாடி வாதாடினாங்களே, ஒருத்தர் வேந்தர் பக்கம், இன்னொருத்தர் அரசாங்கப் பக்கம், ஆளுக்கு ஒருத்தரை வச்சிருந்தாங்க. இவர் ஆளை அவர் விடல, அவர் ஆளை இவர் விடல. சாயங்காலம் ஆயிடுச்சு, எனக்கு வேற ரயிலுக்கு நேரம். நான் உங்க பேரைச் சொன்னேன். ரெண்டு பேரும் உடனே சரின்னுட்டாங்க."

"எப்படி சார்?"

"ரெண்டு பேருக்கும் உங்களுக்காகப் போன் வந்திருக்கு. அதனால ரெண்டு பேரும் நீங்க தங்களோட ஆளுன்னு நினைச்சாங்க. எதிராளியை நல்லா ஏமாத்திட்டோம்ங்கற சந்தோஷத்துல கையெழுத்துப் போட்டாங்க."

"அப்போ நான் சொன்ன பதில்?"

"அதைக் கேட்டு நான் உங்களுக்குத்தான் முதல் மார்க் போட்டேன். அதனாலதான் உங்க பேரைச் சொன்னேன்" என்றார். காபியைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "தகுதி இருந்தது. நல்லவேளை, அது யாருக்கும் இடைஞ்சலா இல்ல" என்று சொல்லி எழுந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் முழுக்கதையும் சொன்னேன். அப்பா மட்டும் போயிருந்தால் நடந்திருக்காது, அம்மா மட்டும் போயிருந்தாலும் நடந்திருக்காது என்று கேட்டதும் இருவரும் ஒருவரை ஒருவர் கொஞ்சம் மரியாதையோடு பார்த்துக்கொண்டார்கள். அப்பாதான் கேட்டார்.

"அவர் என்ன கேள்வி கேட்டார்? நீ என்ன சொன்ன?"

சொன்னேன். அப்பா சோற்றில் கை வைத்தபடியே யோசித்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"தப்பு. முத்திரை அது இதுன்னு பின்னாடி வந்தவங்க சொல்றது. முதல்ல அது பாடறவன் கேக்கறவனுக்குச் சொல்ற உத்தரவாதம். கடைசி அடியில, இதைப் பாடினா இன்னது கிடைக்கும்னு பலன் சொல்றாரே, பேர் இல்லாம பலன் சொன்னா யாரு பொறுப்பு? அதை விட்டுட்ட. நான் அங்க உக்காந்திருந்தா உனக்கு முதல் மார்க் போட்டிருக்க மாட்டேன்."

"நல்லவேளை," என்றார் அம்மா, அவர் தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே. "உங்களை யாரும் கூப்பிடல."